நீலத்தாரின் மீதிப் பாட்டு

விடுதிக்கார ஹாஜி தெஹாமி, ஃபராஜிக்குத் தரவேண்டிய பாக்கி மூவாயிரத்து நானூற்று ஐம்பது திர்ஹம். அதைக் கேட்கத்தான் அன்று பொழுது சாயும் நேரத்தில் ஃபராஜி கெம்ப்ரி என்னும் தந்தி வாத்தியத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, தங்கை யாக்கூத்தின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டை விட்டு இறங்கினான். துறைமுக ஊரான ஸுவைராவின் காற்று வழக்கம்போலச் சந்துக்குள் புகுந்து கடைப் படுதாக்களையும் மீன் கவிச்சியையும் சேர்த்து அடித்துக்கொண்டு போனது. எதிரே வந்தவர்களின் அங்கிகளெல்லாம் படபடத்தன. யாக்கூத்தின் தலைத்துணி மட்டும் அசையவில்லை. தண்ணீரில் முக்கி எடுத்த துணிபோலக் கழுத்தோடு ஒட்டிக் கிடந்தது. காலையில்தான் அவன் தன் கையால் பிழிந்து, மொட்டைமாடி வெயிலில் காயவைத்து, மொடமொடவென்று ஆனபிறகு கட்டிவிட்டிருந்தான்.

படி வந்தால் அவள் குனிந்து பார்க்கமாட்டாள். கால் விரலால் தடவித் தடவி இறங்குவாள். கழுத்து நேராக, தாடை சற்றே உயர்ந்து, தலைமேல் நிறைந்த பாத்திரம் இருப்பதுபோல. மூன்று வாரமாக இப்படித்தான். தூங்குவதும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே.

அவளைப் பார்க்கப் பார்க்க அவனுக்குக் கோபம் வந்தது. பகலெல்லாம் துறைமுகத்தில் படகுகளின் அடிப்பலகையில் ஒட்டிய சிப்பியைச் சுரண்டும் வேலை. இரவில் ஹாஜியின் விடுதியில் வெள்ளைக்காரர்கள் சாப்பிடும்போது கெம்ப்ரி வாசிக்கும் வேலை. சுரண்டுகிற வேலைக்காவது வாரக் கடைசியில் கூலி வந்துவிடும்.

அதே விடுதியின் அடுப்படியில் யாக்கூத் பாத்திரம் கழுவினாள். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒருநாள் ஹாஜி, கடல் பாட்டை வாசி, அதுதான் கேட்க அழகாக இருக்கிறது என்றார். சாப்பாட்டுக்கு வாசிக்கிற பாட்டில்லை அது. கடலை ஆளும் ஆவியான நீலத்தாரை அழைக்கிற பாட்டு. அவர் பேரை, அடிமை வழிவந்த ஃபராஜியின் இனத்தாரான ஞாவாக்கள் சும்மா வாயில் போடுவதில்லை; நீலத்தார் என்றால் போதும், புரிந்துவிடும். விடியவிடிய நடக்கும் சடங்கில், சாம்பிராணி போட்டு, நீலத்துணி எடுத்துவைத்து, அவருடைய முறை வரும்போதுதான் அதைத் தொடவேண்டும். ஃபராஜி சொல்லிப் பார்த்தான். புகை போட்டால் விருந்தாளிகள் இருமுவார்கள் என்றார் ஹாஜி. பாக்கி அவர் கையில் இருந்தது. ஃபராஜி வாசித்தான்.

அடுப்படியிலிருந்து யாக்கூத் வந்தாள். தலையில் தண்ணீர் தளும்பும் மண்கிண்ணம். கண்கள் மேலே செருகியிருந்தன. கைகள் நீந்துவதுபோல் காற்றை விலக்கின. ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. விருந்தாளிகள் செல்போனைத் தூக்கிப் படம் பிடித்தார்கள். பாட்டு பாதி போயிருக்கும். ஹாஜி சிரித்துக்கொண்டே வந்து, வலது உள்ளங்கையைத் தந்திகள்மேல் வைத்து அழுத்தினார்.

"போதும்டா. சூப்பு ஆறுது."

பாட்டு நின்றது. கிண்ணம் விழுந்து உடைந்தது. யாக்கூத் விழவில்லை.

ஞாவா வீட்டில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும், ஆடுகிறவர் தானாக விழும்வரை பாட்டை நிறுத்தக்கூடாதென்று. விழுந்தால்தான் வந்தவர் போனார் என்று அர்த்தம். அவள் நின்றாள். நின்றவளை நின்றபடியே தூக்கிக்கொண்டு வந்தான் அண்ணன்.

மறுநாளிலிருந்து இருமல். சளி இல்லை, தண்ணீர். முதலில் ஒரு மிடறு, பிறகு ஒரு குவளை. ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது என்று மாத்திரை கொடுத்தார்கள். அந்த நீர் ஏன் உப்புக் கரிக்கிறது என்று யாரும் கேட்கவில்லை. நேற்று வந்தது அரைச் சட்டி. அதில் விரல் நீளத்துக்குப் பச்சையாகக் கடற்பாசி.

சடங்கு நடத்தும் லல்லா ஜொஹ்ரா அதை எடுத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூச்சு முட்டுவதற்குள் பாட்டை முடித்தாகவேண்டும், எங்கே நின்றதோ அங்கேயே, முறைப்படி, ஆடும் பாலும் சாம்பிராணியும் வைத்து என்றாள். எல்லாச் செலவும் கூட்டிப் பார்த்தால் ஹாஜியின் பாக்கி அளவுக்கு வந்தது. அவன் எழுந்தபோது இன்னொன்றும் சொன்னாள்.

"ஆடினவளுக்கு மட்டும்தான் கஷ்டம்னு நினைக்காதே. நிறுத்தின கையையும் அவர் மறக்கமாட்டார். அவருக்கு அவசரமில்லை, அவ்வளவுதான்."

விடுதிக் கதவு திறந்தே கிடந்தது. சீசன் இல்லை, விருந்தாளிகளும் இல்லை. முற்றத்தில் ஹாஜி தனியாக உட்கார்ந்து, செல்போனில் பந்தாட்டம் பார்த்தபடி ஹரீரா சூப்பு குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் கை கழுவும் செம்புக் கிண்ணம். சுவரில் அழகுக்காக மாட்டியிருந்த பழைய இரும்புத் தாளங்கள் நான்கு ஜோடி. உன் பாட்டன் கால் விலங்கை உருக்கிச் செய்தது என்று ஃபராஜியிடம் அதைக் காட்டி விருந்தாளிகளைச் சிரிக்கவைப்பார். முற்றத்தின் நடுவே கிணறு. ஃபராஜியின் முப்பாட்டனை விலைக்கு வாங்கி வந்து தண்ணீர் இறைக்கவிட்ட கிணறு. இப்போது அதன்மேல் கண்ணாடி போட்டு, உள்ளே விளக்கு எரியவிட்டிருந்தார்கள்.

ஃபராஜி வந்த விஷயத்தைச் சொன்னான். ஹாஜி வலது கையை அங்கியில் துடைத்தார். சீசன் மோசம் என்றார், துடைத்தார். உடைந்த கிண்ணத்துக்குக் கழிக்கவேண்டும் என்றார், மறுபடியும் துடைத்தார். அங்கியின் அந்தப் பக்கம் இடுப்பிலிருந்து முழங்கால்வரை ஈரம் கருத்துக் கிடந்ததை ஃபராஜி அப்போதுதான் பார்த்தான்.

யாக்கூத் இருமினாள். தரைக்கல்லில் தண்ணீர் சொட்டியது. ஹாஜி காலை இழுத்துக்கொண்டார்.

"ஹாஜி, இவ செத்துப்போயிடுவா. தர்மம் கேட்கல. நான் வாசிச்ச காசைக் கேட்கிறேன்."

"பாதிப் பாட்டுக்கு எவன்டா முழுக் காசு கொடுப்பான்?" ஹாஜி தன் பேச்சைத் தானே ரசித்துச் சிரித்தார். "போய் மீதியை வாசிச்சுட்டு வா, பார்க்கலாம்."

முறையில்லை, புகையில்லை, நீலத்துணி இல்லை, தாளம் போட ஆளில்லை. தெரியும். எல்லாம் தெரியும். ஃபராஜி கிணற்றோரம், அன்றைக்கு உட்கார்ந்த அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கெம்ப்ரியின் ஒட்டகத்தோலை உள்ளங்கையால் சூடேற்றினான். பாட்டு எந்த இடத்தில் அறுந்ததோ அந்த இடத்தில் விரலை வைத்தான்.

தடித்த தந்தி, வயிற்றுக்குள் யாரோ கதவு தட்டுவதுபோல், அதிர்ந்தது. மேலே திறந்த வானத்தில் காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. நாலைந்து அடி வாசிப்பதற்குள் அந்த ஊளை எங்கோ அடங்கி, கடலுக்கடியில் தலையை முக்கினால் காதை அடைக்குமே, அந்த அடைப்பு முற்றம் முழுக்க வந்து உட்கார்ந்தது. பழைய பாயும் அழுகிய பாசியும் ஈரக் கயிறும் கலந்த ஒரு வாசனை கிணற்றுக் கண்ணாடியின் விளிம்பிலிருந்து கசிந்து வந்தது. கண்ணாடிக்குக் கீழே விளக்கு அணைந்தது. அணையவில்லை. ஏதோ மறைத்தது.

சுவரில் தாளம் ஒன்று அசைந்தது.

காற்று என்று நினைத்துக்கொண்டான். காற்றுதான் இல்லையே. ஒரு ஜோடி தட்டியது. பிறகு நான்கு ஜோடியும். ஆணியில் தொங்கியபடியே. சரியான தாளத்தில்.

ஃபராஜிக்கு ஓடிவிட வேண்டும்போல் இருந்தது. விரல்கள் தந்தியை விடவில்லை.

யாக்கூத் செம்புக் கிண்ணத்தை எடுத்துத் தலையில் வைத்தாள். நிறையத் தண்ணீர். ஆடினாள். கைகள் நீந்தின. அவள் நிழல் சுவரில் இல்லை, கிணற்றுக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அவளைவிடப் பெரிதாக. அவளைவிட மெதுவாக.

"நிறுத்துடா," என்றார் ஹாஜி. எழுந்து வந்தார். ஈரக்கையை நீட்டிக்கொண்டு, அன்றைக்குப்போலவே தந்தியை அமுக்க வந்தார்.

யாக்கூத் விழுந்தாள்.

கால் மடிந்து, கழுத்து மடிந்து, பக்கவாட்டில் சாய்ந்து படுத்தாள். மூன்று வாரத்தில் முதல் தடவையாகப் படுத்தாள். நீளமாக மூச்சு விட்டாள். உலர்ந்த மூச்சு.

கிண்ணம் கீழே விழுந்த சத்தம் கேட்கவில்லை.

ஃபராஜி தலையைத் தூக்கினான். கிண்ணம் ஹாஜியின் தலையில் இருந்தது. தளும்பத் தளும்ப. அவர் கை தந்திக்கு ஒரு சாண் மேலே நின்றுவிட்டது. கழுத்து மெல்ல மெல்ல நிமிர்ந்தது. தாடை உயர்ந்தது. கண்கள் மட்டும் கீழே, ஃபராஜியைப் பார்த்தன.

ஆட ஆரம்பித்தார். கனத்த கால்கள் அழகாக நகர்ந்தன. வாயோரம் தண்ணீர் வழிந்தது. இடது கை மட்டும் அவருடையதாக இருந்தது போலும். அங்கிப் பைக்குள் நுழைந்து நோட்டுகளை அள்ளி ஃபராஜியின் மடியில் போட்டது. போட்டுக்கொண்டே இருந்தது. பாக்கிக்கு மேலேயே இருக்கும். எல்லாம் நனைந்த நோட்டு.

"வாசி," என்றார், தண்ணீருக்குள்ளிருந்து. "நிறுத்தாதடா. நிறுத்தாதப்பா."

இனிமேல் இவர் விழும்வரை வாசிக்கவேண்டும். அதுதான் முறை. இன்னும் கொஞ்ச நேரம், இருக்கிற பாட்டு முடிந்துவிடும், மனுஷன் விழுந்து பிழைத்துக்கொள்வான். ஃபராஜிக்குப் பயத்தில் பல் கிட்டிப்போயிருந்தது. அந்தப் பயத்துக்கும் அடியில் ஒன்று கொதித்தது. அரைச் சட்டித் தண்ணீர். சுவரில் சாய்ந்து தூங்கிய பிள்ளை. பாட்டன் கால் விலங்கு. சிரிப்பு.

லல்லா ஜொஹ்ரா சொன்னது ஞாபகம் வந்தது. நன்றாகவே வந்தது.

வலது உள்ளங்கையைத் தந்திகள்மேல் வைத்து அழுத்தினான்.

"போதும் ஹாஜி. சூப்பு ஆறுது."

தாளங்கள் நின்றன. இந்தத் தடவை கிண்ணம் விழவில்லை. ஹாஜி ஒரு காலை முன்வைத்தபடி நின்றார். தாடை உயர்ந்து, வாய் திறந்து, அதிலிருந்து தண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. தலைமேல் கிண்ணத்து நீரில், யாரோ இன்னமும் வாசிப்பதுபோல், வட்டம் வட்டமாக அலை.

ஃபராஜி மடியை உதறினான். நோட்டுகள் ஈரத்தரையில் ஒட்டின. ஒன்றைக்கூட எடுக்கவில்லை. கெம்ப்ரியைத் தோளில் மாட்டி, யாக்கூத்தை முதுகில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தான்.

சந்தில் காற்று பழையபடி அடித்தது. அவள் தலைத்துணி அவன் காதருகே படபடத்தது. பாதி வழியில் கண் விழித்தாள்.

"பசிக்குது அண்ணே."

அவனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. சூடாகச் சூப்பு வாங்கித் தருவதாகச் சொன்னான்.

"காசு குடுத்தாரா?"

"பாக்கியைத் தள்ளுபடி பண்ணிட்டேன். இனிமே அவருக்கும் நமக்கும் கணக்கு இல்லை."

அவள் தன் காலைப் பிடித்திருந்த அவன் வலது கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணே, உன் கை ஏன் இப்படிச் சொதசொதன்னு இருக்கு?"

அவன் அவளை இறக்கிவிட்டான். உள்ளங்கையை அங்கியில் துடைத்தான். விளக்கு வெளிச்சத்தில் நீட்டிப் பார்த்தான். நடுக்கோட்டிலிருந்து தண்ணீர் மெல்ல ஊறி வந்தது. உப்பு வாசனை.

துடைத்தான்.

மறுபடியும் துடைத்தான்.