முடிச்சவிழ்த்த கதியால்கள்

காலையில் பல் விளக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்த கனகலிங்கம் வேலியடியில் நின்றுவிட்டான். வேலிக்கு ஊன்றிய கதியால் தடிகளின் அடிமண் ஈரமாக இருந்தது. ஆனி மாதம், சோளகக் காற்று புழுதியை வாரி வீட்டுக்குள் இறைத்துக்கொண்டிருந்த நாட்கள். கிணற்றில் வாளி தரை தட்டியது. இந்த வறட்சியில் வேலிக்கு மட்டும் எங்கிருந்து ஈரம்? குந்தியிருந்து மண்ணை விரலால் கிள்ளினான். பிசுபிசுத்தது. முகர்ந்து பார்த்தான். பால் குடித்துவிட்டுக் கக்கிய குழந்தையின் கழுத்து மடிப்பில் வருமே, அந்தப் புளித்த வாசம்.

"விமலா, வேலிக்குத் தண்ணி ஊத்தினனீரோ?"

"குடிக்கத் தண்ணியில்லை, வேலிக்கு ஊத்துறனாம். உங்களுக்கென்ன விசரே?" என்றாள் விமலேஸ்வரி உள்ளேயிருந்து. அவள் மடியில் நான்கு மாதக் கமலாசனி வீறிட்டுக்கொண்டிருந்தாள். "இவளுக்குப் பசி அடங்குதில்லை. எனக்குப் பால் வத்திக்கொண்டு போகுது, இஞ்சாருங்கோ. நேத்தையிலும் பாக்க இண்டைக்குக் குறைவு."

கனகலிங்கம் எழும்பினான். விரலைச் சாரத்தில் துடைத்தான். வாசம் போகவில்லை.

கல்யாணமாகி ஒன்பது வருடம் கோயில் கோயிலாக ஏறியிறங்கிப் பெற்ற பிள்ளை. அவளுக்கு ஒன்று என்றால் விமலேஸ்வரி தாங்கமாட்டாள், அவனும் தாங்கமாட்டான். அதனால்தான் வேலியைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அது பொய். திறக்க வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆற்றோரத்து ஓட்டுத் தொழிற்சாலை மூடிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. வெளிநாட்டிலிருந்து மலிவுக் கூரைத்தகடு வந்து இறங்கியதும் செம்மண் ஓட்டை ஆர் வாங்கப்போகிறார்கள்? முதலாளி போனார், புகைக்கூண்டும், களிமண் தோண்டிய பெருங்குழிகளும், மலை மலையாக உடைந்த ஓடும் மிஞ்சின. மாரியில் கரை இடிந்து ஆறு சிவப்பாக ஓடியது. அந்த இடத்துக்கு மறுபடி உயிர் கொடுக்கத்தான் அரசாங்கம் கனகலிங்கத்தை அனுப்பியது. வெளிநாட்டில் படித்தவன், கெட்டிக்காரன். குழிகளை ஒன்றோடொன்று தொடுத்துச் சம்புப்புல் நட்டுத் தண்ணீரைத் தெளிய வைப்பது, ஓட்டுத் துண்டுகளால் நடைபாதை, கரையில் மருதமரம் என்று அழகான வரைபடம் போட்டிருந்தான். சீமெந்துச் சுவர் வேண்டாம், கதியால் நட்டாலே கரை நிற்கும் என்பது அவனுடைய பெருமை. பச்சைத் தடியை வெட்டி ஊன்றினால் அது வேரோடி மண்ணைப் பிடித்துக்கொள்ளும். வன்னியில் வேலி கட்டிய எவனுக்கும் தெரிந்த விஷயத்துக்கு அவன் ஒரு பெரிய பெயர் வைத்திருந்தான்.

ஆனால் கதியாலை மழைக்கு முன் நடவேண்டும். பார்வையிட வருகிற பெரியவர்கள் மழையைக் கேட்டா நாள் குறிப்பார்கள்? தர்மபுரத்திலிருந்து வண்டியில் வந்த தடிகள் எல்லாம் சித்திரை வெயிலில் சுள்ளியாய்க் காய்ந்தன. தளதளவென்று பச்சையாக நின்றது ஒரே ஒரு வரிசைதான். தொழிற்சாலைக்குப் பின்னால், தொழிலாளர் குடியிருந்த லயத்து வீடுகளுக்கு அப்பால், ஆற்றைப் பார்த்தபடி நின்ற பூவரசுகள்.

அந்த லயத்தில் இருந்தவர்கள் மலைநாட்டிலிருந்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் அடிபட்டு வந்தவர்கள். சூளையில் வேலை செய்தார்கள். சூளை மூடியபிறகும் போக இடமில்லாமல் அங்கேயே இருந்தார்கள். நிலம் அளக்கப் போன முதல் நாளே அவர்களில் ஒருத்தியான மீனம்மா அவனை மறித்துச் சொல்லியிருந்தாள்.

"அது எங்க புள்ளைங்க, ஐயா. காய்ச்சல்ல போனதுங்க. தலமாட்டுல ஆளுக்கொரு கம்பு நட்டிருக்கோம். அதுல மட்டும் கை வச்சிறாதீங்க."

ஒவ்வொரு பூவரசின் உச்சியிலும் ஒரு துணி முடிந்திருந்தது. சேலைக் கரை, சட்டைத் துண்டு, வெளிறிப்போன பூப்போட்ட சீத்தை. "ஓம், தொடமாட்டன்," என்றான் கனகலிங்கம். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னான். மீனம்மாவும் அதை நம்பி, கமலாசனி பிறந்தபோது தினமும் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டி, சாம்பிராணி காட்டிவிட்டுப் போனாள்.

வைகாசிப் பொங்கலுக்கு லயமே வெறிச்சோடி எல்லோரும் வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போன அன்று, அவன் வெளியூர்க் கூலிக்காரரைக் கூட்டி வந்தான். அவர்கள் துணியைப் பார்த்ததும் பின்வாங்கினார்கள். "ஐயா, இது நேந்து கட்டினது. நாங்கள் அவிழ்க்கமாட்டம்." அதனால் அவனே அவிழ்த்தான். ஒவ்வொன்றாக. மழையிலும் வெயிலிலும் இறுகிய முடிச்சுகள், நகம் நொந்தது. துணிகளைப் பழைய சூளை வாயில் போட்டு எரித்தான். தடிகளை அவன் மும்மூன்றாய் வெட்டிக் கொடுக்க, அவர்கள் கரையில் நட்டார்கள். பூவரசுகள் நின்ற நிலத்தை நிரவிப் புல் பதித்தார்கள். மிஞ்சிய துண்டுகள் வீட்டு வேலிக்கு வந்தன. பசு பூந்து செவ்வரத்தைச் செடியைத் தின்கிறது என்று விமலேஸ்வரி பலநாள் முறைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

கோயிலால் வந்தவர்களிடம், "யானை வந்து முறிச்சுப்போட்டுது," என்றான்.

மீனம்மா வெறும் நிலத்தைப் பார்த்தாள். பிறகு அவனுடைய விரல்களைப் பார்த்தாள். அடுத்த நாளிலிருந்து பிள்ளையைக் குளிப்பாட்ட வரவில்லை.

பெரியவர்கள் வந்தார்கள். துளிர்த்த கரையைப் பார்த்து மெச்சினார்கள். காசு கொடுக்கிற வெள்ளைக்காரர் ஒருவர் புதுப் புல்தரையில் நின்று, முன்பு இங்கே யார் இருந்தார்கள் என்று கேட்டார்.

"ஒருத்தரும் இல்லை," என்றான் கனகலிங்கம். "வெறும் நிலம்."

அந்த இடத்திலேயே அவனை நிறுத்திப் படம் எடுத்தார்கள். சிரித்தான். சிரித்த வாயை உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

ஈரம் நாளுக்கு நாள் கூடியது. காற்று விழுந்துபோகிற மத்தியானங்களில், காகமும் கரையாமல் ஊரே கண்ணயர்ந்து கிடக்கிற அந்த நேரத்தில், அவன் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி வேலிப் பக்கமாக ஒரு சத்தத்தைக் கேட்கத் தொடங்கினான்: கன்று முலையில் முட்டிக் குடிப்பதுபோன்ற சத்தம், ஆனால் கன்றினுடையதைவிடச் சின்னது, அவசரமானது, இடையிடையே மூச்சு வாங்க நின்று மறுபடி தொடங்குவது. எழுந்து போய்ப் பார்த்தால் வேலி வேலியாக நின்றது. கதியால்கள் துளிர்த்திருந்தன. எல்லாத் துளிரும் வீட்டுப் பக்கம். வெயில் அடிக்கிற வெளி ஒழுங்கைப் பக்கம் ஒரு இலைகூட இல்லை.

உள்ளே கமலாசனி அழுவதை நிறுத்தியிருந்தாள். பசி ஆறி அல்ல. அழச் சீவன் இல்லை. ஆஸ்பத்திரி மாப்பாலைக் கரைத்துக் கொடுத்தாலும் கடைவாயால் வழியவிட்டாள். அவளுடைய கை மெலிந்து, பூவரசங் கொப்புப்போல் பச்சை நரம்பு தெரிந்தது. விமலேஸ்வரியோ காலையில் எழும்பும்போது சட்டை முன்பக்கம் முழுக்க நனைந்திருந்தாள். பிள்ளை வாய் வைத்தால் மட்டும் ஒரு துளி இல்லை.

"ஆரோ குடிச்சுப்போட்டுப் போனமாதிரிக் கிடக்கு," என்றாள். சொல்லிவிட்டுத் தானே பயந்துபோய் அவன் முகத்தைப் பார்த்தாள்.

அன்று பின்னேரம் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனான். மீனம்மா வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எழும்பவில்லை.

"மீனம்மா, அது யானையில்லை. நான்தான்."

"தெரியுங்க. யானை முடிச்சு அவுக்குமாங்க?"

அவனுக்கு நிலத்துக்குள் புதைந்துபோகலாம்போல் இருந்தது. அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"புள்ள என்ன ஒசரமோ அந்த ஒசரத்துக்குக் கம்பு வெட்டி நடுவோம். தாய்க்குப் பால் வத்துற வரைக்கும் அத அந்தக் கம்படியிலதான் பீச்சி ஊத்துவா. துணி முடியறது எதுக்குன்னா, நீ இங்கயே இரு, அலையாதன்னு. நீங்க அவுத்து விட்டுட்டீங்க. பசிச்ச புள்ள எங்கங்க போகும்? பால் வாடை அடிக்கிற வீட்டுக்குத்தானே போகும்."

"நான் என்ன செய்யவேணும்? சொல்லும். என்னெண்டாலும் செய்யிறன்."

"எம்புள்ளயோடது எதுன்னு காட்டுங்க. நான் தூக்கிட்டு வந்துர்றேன்."

எப்படிக் காட்டுவான்? மூன்றாய் வெட்டியது. கலந்து கட்டியது. எது எவருடையது என்று வெட்டியவனுக்கே தெரியாது.

"சரி, அப்ப எல்லாத்தையும் பிடுங்கிட்டு வாங்க. கரையில இருக்கிறது, வேலியில இருக்கிறது, ஒரு துண்டு விடாம. நாங்க பேரு சொல்லிக் கூப்புட்டுப் பாக்கிறோம்."

கனகலிங்கத்தின் கண்முன் கரை வந்தது. துளிர்த்து நிற்கும் கரை. வெள்ளைக்காரரின் கைகுலுக்கல். இரண்டாம் கட்ட வேலைக்குக் கையெழுத்தாகப்போகிற காசு. கரையைப் பிடுங்கினால் காரணம் சொல்லவேண்டும். காரணம் சொன்னால், வெறும் நிலம் என்று சொன்னது?

"வேலியிலை நிக்கிறதை இண்டைக்கே கொண்டுவாறன்," என்றான். குரல் அவனுக்கே கூசியது. "கரையிலை நிக்கிறது... அது அரசாங்க வேலை, மீனம்மா."

மீனம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

"பாதிப் புள்ளயக் கொண்டாந்து நான் என்னங்க செய்யறது?" என்றாள். சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவன் வீட்டுக்கு வந்தபோது மைம்மல் பொழுது. சைக்கிளைச் சாத்தினான். முதலில் மண்வெட்டியை எடுப்போம், வேலியைப் பிடுங்குவோம், கரையைப் பிறகு யோசிப்போம் என்று எண்ணிக்கொண்டு வந்தவன் படலையடியில் நின்றான். அந்தச் சத்தம் இல்லை. முட்டிக் குடிக்கிற சத்தம். இத்தனை நாளில் முதன்முதலாக, வேலி அமைதியாக இருந்தது.

வீட்டில் விளக்கு ஏற்றவில்லை.

"விமலா?"

"ஸ்ஸ்... சத்தம் போடாதையுங்கோ." அறைக்குள் பாயில், அவனுக்கு முதுகு காட்டி அவள் இருந்தாள். குரலில் அப்படியொரு சந்தோசம்; பல நாளாகக் கேட்காத குரல். "குடிக்கிறாள், இஞ்சாருங்கோ. இப்பதான் வடிவாக் குடிக்கிறாள்."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மாளாச்சி, என்று மனதுக்குள் கும்பிட்டான். தப்பிவிட்டோம். கரையைப் பிடுங்கத் தேவையில்லை. யாரிடமும் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. அந்த நேரத்திலும் அதுதான் தோன்றியது. அவன் நாணிக்கொண்டே நெருப்புப்பெட்டியைத் தடவினான்.

அறை முழுக்கப் பால் வாசம். கூடவே வேறொன்று. வெட்டிய பச்சைத் தடியின் வாசம்.

குச்சியை உரசினான்.

விமலேஸ்வரி முகமெல்லாம் மலர்ந்து குனிந்திருந்தாள். மார்பில் அணைத்திருந்தது ஒரு பூவரசந் துண்டு. இரு நுனியும் சரிவாய் வெட்டியது. அவன் வெட்டியது. அதன் பட்டை நனைந்து மினுங்கியது. ஒரு இளந்துளிர் அவளுடைய விரலைச் சுற்றிப் பிடித்திருந்தது. குடிக்கிற சத்தம் அங்கேயிருந்து வந்தது.

"எவ்வளவு பசி, பாருங்கோ," என்றாள்.

குச்சி விரலைச் சுட்டு அணைந்தது.

ஏணைத் தொட்டிலைத் தடவினான். வெறுஞ்சேலை. பாயைத் தடவினான். குசினிக்கு ஓடினான். கிணற்றடிக்கு ஓடினான். பிறகு ஓடவில்லை. எங்கே போகவேண்டும் என்று காலுக்குத் தெரிந்திருந்தது.

வேலி. செவ்வரத்தைக்குப் பக்கத்து மூலை. காலையில் அங்கே நின்ற கதியால் இப்போது இல்லை. அந்தக் குழியில் வேறொன்று நின்றது. குட்டையாக. நேராக. அடியில் மண் அணைத்து மிதித்திருந்தது. உச்சியில் ஒரு துணி. மஞ்சள் பிளானல். காலையில் அவன்தான் அதைக் கமலாசனிக்குச் சுற்றிவிட்டான்.

இறுக்கி முடிந்திருந்தது.

காற்றில்லை. துணி அசைந்தது.

அவன் முழங்காலில் விழுந்தான். முடிச்சில் கை வைத்தான். எத்தனை முடிச்சை அவிழ்த்த விரல். இன்று ஒரு நூலும் இளகவில்லை. துணிக்குக் கீழே சூடாக இருந்தது. மெத்தென்று இருந்தது. மெல்ல விம்மியது. அதற்குக் கீழே, அவனுடைய மற்றக் கை தடவிய இடமெல்லாம், பட்டை.

இரண்டு பக்கமும் மற்றக் கதியால்கள் அதன்மேல் துளிர்களைச் சாய்த்து நின்றன.

"இஞ்சாருங்கோ," என்று உள்ளேயிருந்து விமலேஸ்வரி கூப்பிட்டாள். "வேலியடியிலை ஆர் அழுகிறது? குழந்தைப்பிள்ளைச் சத்தமெல்லே கேக்குது?"

கனகலிங்கம் வாயைத் திறந்தான்.

"ஒருத்தரும் இல்லை," என்றான்.