எழுபத்தொரு விழுக்காடு உலகம்மை

ஓரோன் நகரத்தை விட்டு வெளியே போக யாரும் யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. படகுத்துறைக்குப் போய்க் கையசைத்துவிட்டுக் கிளம்பிவிடலாம். திரும்பி வரத்தான் அனுமதி வேண்டும். அந்த மறுநுழைவு அனுமதிக்காகத்தான் உலகம்மை செவ்வாய்க்கிழமை காலையில் ஆள்மானியின் நாற்காலியில் தலையைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

“ஊரைப் பத்தி நினைக்காதீங்க மேடம். கோடு ஆடுது,” என்றார் மறுநுழைவு அதிகாரி தில்லைநடராசன்.

“ஊருக்குப் போகத்தானே சார் உக்காந்திருக்கேன்? வேற எதை நினைக்க?”

முகத்தை வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாம், கைரேகையைக் குடுவையில் வளர்த்து விரலில் ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆன பிறகு, ஒருவர் அவர்தானா என்று கண்டுபிடிக்க மிஞ்சியது மனரேகை ஒன்றுதான். ஒருவர் எதற்குச் சிரிப்பார், எதற்குப் பயப்படுவார், யார்மேல் கோபமாக இருக்கிறார் என்பதையெல்லாம் மூளையின் மின்னோட்டத்திலிருந்து ஆள்மானி கோடுகளாக வரைந்துவிடும். திரும்பி வருகிறவரின் ரேகை, அவர் குடிவந்தபோதோ கடைசியாகப் பயணம் கிளம்பும்போதோ பதிந்த ரேகையோடு நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனால் கதவு திறக்கும். குறைந்தால் வந்திருப்பது வேறு ஆள் என்று பொருள். மனிதர்கள் நடுவில் வந்தால் சிபாரிசும் வந்துவிடும் என்பதால், கதவைப் பூட்டுகிற வேலையையும் இயந்திரத்திடமே கொடுத்துவிட்டார்கள்.

இந்துமாக்கடலில் மிதக்கும் அந்த நகரத்துக்கு உலகம்மை தென்காசியிலிருந்து வந்து பதினான்கு வருடம் ஆகிறது. குடிநீர் நிலையத்தில் மானிகளைச் சரிபார்க்கும் பொறியாளர். கணவன் நயினார் அங்கேயே பள்ளி ஆசிரியர். மகள் கோமதிக்கு ஒன்பது வயது.

ஆள்மானியோடு அவளுக்குப் பழைய பகை ஒன்று உண்டு. ஆறு வருடத்துக்கு முன் அப்பா இறந்த செய்தி வந்தபோது இதே நாற்காலியில்தான் ஓடிவந்து உட்கார்ந்தாள். மனம் நிலையாக இருந்தால்தான் பதிவெடுக்கும் என்றது இயந்திரம். அவள் அழுதுகொண்டே இருந்தாள். அழுகை நிற்கப் பதினொரு நாள் ஆயிற்று. அதற்குள் ஊரில் எல்லாம் முடிந்துவிட்டது. தம்பி சங்கரபாண்டி தொலைபேசியில், “வெளிநாட்டுக்காரிக்கு இனிமே இங்க என்ன வேலை?” என்று கேட்டுவிட்டு வைத்தான். அதோடு பேச்சு நின்றது.

போன மாதம் அவனே கூப்பிட்டான். முப்பத்தெட்டு வயதில் ஒருவழியாகக் கல்யாணம். “மூணாவது முடிச்சு நாத்தனார்தாம் போடணும். நீ வரலேன்னா ரெண்டு முடிச்சோட எந்திரிச்சிருவேன், பாத்துக்க,” என்றான்.

ஆலோசகர் வைகுண்டத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. மனரேகை மாறாமல் ஊருக்குப் போய்வரச் சொல்லிக்கொடுப்பதுதான் அவர் தொழில். ஓரோனில் வாழ்கிற தமிழர்களுக்கு அவர் சொல் வேதவாக்கு. குழந்தையைக் கையில் வாங்காதீர்கள், பழைய பள்ளிக்கூடத்துப் பக்கம் போகாதீர்கள், யாராவது அழுதால் கழிப்பறைக்குப் போய்விடுங்கள் என்று அச்சடித்தே கொடுப்பார்.

“கல்யாணமா? அதுவும் சண்டை போட்ட தம்பி கல்யாணமா?” என்று நெற்றியைத் தேய்த்தார். “கடைசி வரிசையில உக்காருங்கம்மா. சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. முடிச்செல்லாம் வேண்டாம்.”

“கடைசி வரிசையில உக்காந்துக்கிட்டு எப்படி அண்ணாச்சி முடிச்சுப் போட முடியும்?” என்று கேட்டுவிட்டு உலகம்மை எழுந்துகொண்டாள். பன்னிரண்டு நாளில் ஓர் ஆள் எவ்வளவுதான் மாறிவிட முடியும் என்பது அவள் எண்ணம்.

தென்காசியில் இறங்கியதும் எதிரே வந்தவர்களெல்லாம் முதலில் கேட்டது, “எத்தன நாள் லீவு?” சங்கரபாண்டி மட்டும் கேட்கவில்லை. பெட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மூன்றாவது முடிச்சை உலகம்மைதான் போட்டாள். பந்தி முடிந்து, வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், தம்பி பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தான்.

“அப்பா கடைசியா ஒன்னத்தாம்க்கா கேட்டாவ. நான் ஒங்கிட்ட சொல்லல. என்னைய கேக்கலியேன்னு எனக்குப் பொறாமை.”

ஆறு வருடக் கோபம் அந்த இடத்திலேயே கரைந்தது. உலகம்மை மாப்பிள்ளையின் மாலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். புதுப்பெண் ஒன்றும் புரியாமல் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் உலகம்மை மிகச் சந்தோஷமாக இருந்தாள்.

ஓரோனின் நுழைவுக்கூடத்தில் கண்ணாடிச் சுவருக்கு அந்தப்பக்கம் நயினாரும் கோமதியும் நின்று கையாட்டினார்கள். இந்தப்பக்கம் ஆள்மானி தன் தீர்ப்பைத் திரையில் எழுதியது. எழுபத்தொரு விழுக்காடு. கீழே இன்னொரு வரி: வந்திருப்பவர் உலகம்மை அல்லர்.

“நான் உலகம்மை இல்லேன்னா வேற யாரு சார்?”

“அது அதுக்குத் தெரியாது மேடம். நீங்க இல்லைங்கறது மட்டும்தான் தெரியும்,” என்றார் தில்லைநடராசன். அவர் கெட்டவர் இல்லை. “உங்க ரேகையில ஒரு பெரிய கோபம் தூண் மாதிரி நின்னுது. அதைக் காணோம். அதைச் சுத்தி இருந்ததெல்லாம் இடம் மாறிப்போச்சு. வெள்ளிக்கிழமை திரும்புற படகுல ஏறணும். மேல்முறையீடு பண்ணலாம். மூணு நாலு வருஷம் ஆகும்.”

கண்ணாடிக்குப் பின்னால் கோமதி, ஏன் இன்னும் வரவில்லை என்று சைகையில் கேட்டாள். நான்கு வருடத்தில் அந்தப் பிள்ளை அவள் தோள் உயரத்துக்கு வந்துவிடும். அழுதால் எண் இன்னும் இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். அழவில்லை. வேலையில் இருக்கும்போது யோசிப்பதுபோல் யோசித்தாள்.

குடிநீர் நிலையத்தில் ஒரு மானி தப்பான எண் காட்டினால் உடனே தண்ணீரைக் குறை சொல்லமாட்டார்கள். உப்பு எவ்வளவு என்று முன்பே தெரிந்த நீரை ஊற்றிப் பார்ப்பார்கள். அதில் சரியாகக் காட்டினால்தான் மானியை நம்புவார்கள்.

“சார், இந்த மானியைக் கடைசியா எப்ப சரிபார்த்தீங்க?”

“விதி இருக்கு. பயணி கேட்டா, மாறாத ஆள் ஒருத்தரை உக்கார வச்சுக் காட்டணும். இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.”

“நான் கேக்கேன். மாறாத ஆளைக் கொண்டாங்க.”

தில்லைநடராசன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பத்தொன்பது வருடத்துக்கு முன் கும்பகோணத்திலிருந்து வந்தவர். வந்த நாளிலிருந்து படகுத்துறையைத் தாண்டியதில்லை. அதே வீடு, அதே மேசை, மத்தியானம் அதே எலுமிச்சை சாதம். “வேற ஆளைத் தேட வேண்டாம் மேடம். என்னைவிட மாறாத ஆள் இந்த நகரத்துல கிடையாது,” என்று தானே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

நாற்பத்து மூன்று விழுக்காடு. வந்திருப்பவர் தில்லைநடராசன் அல்லர்.

“பத்தொன்பது வருஷத்துப் பழைய பதிவாச்சே!” என்று அவர் பதறினார். “நான் எங்கேயும் போகலையே!”

“சட்டத்துல வருஷக் கணக்கு இருக்கா சார்? அதே ஆளான்னுதான கேக்கு?”

இயந்திரம் அவருடைய குடியிருப்பு அட்டையைப் பூட்டியது. பத்தொன்பது வருடமாக அவர் காவல் காத்த கதவு அவருக்கே திறக்க மறுத்தது. வெள்ளிக்கிழமைப் படகில் அவருக்கும் ஓர் இருக்கை ஒதுக்கியது. அவர் தளர்ந்துபோய் உலகம்மைக்குப் பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார். “அம்மா போனப்பகூட நான் ஊருக்குப் போகலை,” என்றார். “போனா மாறிடுவேன்னு பயம். போகாம இருந்தா அப்படியே இருந்துடலாம்னு நினைச்சேன்.” அதைச் சொல்லிவிட்டுக் குலுங்கி அழுதார்.

உலகம்மைக்கு மனது கேட்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்ற நினைப்பே அவளுக்கு அப்போது வரவில்லை. தென்காசியிலிருந்து கொண்டுவந்த கல்யாண லட்டில் ஒன்றை எடுத்து அவர் கையில் வைத்தாள். எலுமிச்சை சாதத்துக்குப் பதிலாக அன்று அவர் லட்டு சாப்பிட்டார்.

இயந்திரம் பழுது என்று பார்க்க வந்த இரண்டு பொறியாளர்களும் முறைப்படி முதலில் தங்களையே சோதித்துப் பார்த்தார்கள். ஒருவருக்கு ஐம்பத்தாறு, இன்னொருவருக்கு அறுபது. பெஞ்சில் நான்கு பேர் ஆனார்கள். செய்தி நகர மன்றத்துக்குப் போனது. மன்றத் தலைவி தன்னம்பிக்கை மிகுந்த பெண்மணி. ஓர் இயந்திரத்தின் கோளாறுக்காகச் சட்டத்தைக் குறை சொல்லக் கூடாது, நகரத்திலுள்ள எல்லா ஆள்மானிகளிலும் எல்லோரும் உட்காருங்கள், தொண்ணூறுக்கு மேல் எத்தனை பேர் என்று உலகத்துக்குக் காட்டுவோம் என்று அறிவித்தார். தானே முதலில் உட்கார்ந்தார். அவருக்கு முப்பத்தெட்டு வந்தது.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு லட்சம் பேரைச் சோதித்து முடித்துவிட்டார்கள். தேறியவர் ஒருவர். மருத்துவமனையின் நான்காம் மாடியில், ஏழு வருடமாக நினைவில்லாமல் படுத்திருப்பவர். தொண்ணூற்றெட்டு விழுக்காடு. சட்டப்படி பார்த்தால் ஓரோனின் ஒரே குடியிருப்பாளர் அவர்தான். சட்டத்தை நிறுத்தி வைக்க அவருடைய கையெழுத்து வேண்டுமா என்று மன்றத்தில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. பிறகு யாரோ கதவுகளுக்குப் போகும் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

படகு காலியாகப் போனது. தில்லைநடராசன் மட்டும் அதில் ஏறிக்கொண்டார், தன் விருப்பத்தில். அம்மாவின் வீட்டை ஒருமுறை பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். எப்போது திரும்புவீர்கள் என்று ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

உலகம்மை திறந்த கதவு வழியாக நடந்து போனாள். கோமதி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிள்ளைகளை ஐந்து வயதில் பதிவு செய்வார்கள். அதன்பிறகு நான்கு வருடம் ஓடிவிட்டது. பள்ளிக்கூடத்தில் மூன்று நாளாக வேறு பேச்சே இல்லையாம்.

“அம்மா, எங்க கிளாஸ்லயே நான்தான் கம்மி! பன்னெண்டு! ஒனக்கு எவ்ளோ வந்துச்சு?”

“எழுபத்தொண்ணு.”

கோமதி அம்மாவை மேலும் கீழும் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, மற்றவர்கள் காதில் விழாதபடி கேட்டாள்.

“ஏம்மா அவ்ளோ அதிகம்?”