செருப்பு வைத்த இடத்தில் தண்ணீர்

அகல்யாவிடம் பள்ளிக்கூடத்தில் உனக்கு எது பிடிக்கும் என்று கேட்டால், "புல்லு" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

கண்டனூர் பக்கம் இருந்த அந்தப் பள்ளியின் மைதானத்துக்குப் போன வருடம்தான் புல் வந்தது. அதற்கு முன் வெறும் சரளை. கால்பந்து அணியின் கோல்கீப்பரான அகல்யா ஒரு தடவை பாய்ந்தால் ஒரு வாரம் முழங்காலுக்கு மருந்து போட வேண்டும். இப்போதோ பந்து வந்தால் பறப்பாள், விழுவாள், விழுந்த இடத்திலேயே மேகத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள்.

"எந்திரிடி, அடுத்த பந்து வருது!" என்று தோழி சினேகா கத்தினால்தான் பூமிக்கு வருவாள்.

அந்தப் புல்லுக்குத்தான் ஆபத்து வந்தது.

"போர்ல தண்ணி எறங்கிருச்சு," என்றார் தலைமையாசிரியை தேனம்மை, இறைவணக்கம் முடிந்ததும். "நமக்குக் குடிக்கத்தான் மொதல்ல. தெனமும் சாயங்காலம் தொட்டி காலியாகுது. இந்த வாரமும் அப்படியே போனா, மைதானத்துக் குழாயப் பூட்டிருவேன்."

அகல்யா மைதானத்தைத் திரும்பிப் பார்த்தாள். பூட்டினால் புல் கருகிவிடும். மறுபடியும் சரளைதான்.

மைதானத்துக்குத் தண்ணீர் விடுபவர் சேவுகப்பெருமாள். லீவு நாளில் கல்யாணப் பந்தியில் பரிமாறப் போவார். செட்டிநாட்டுப் பந்தி தெரியுமல்லவா? போதும் என்று கையைக் குறுக்கே நீட்டினாலும் விரல் இடுக்கு வழியாகச் சாம்பார் வந்து சேரும். புல்லையும் அவர் அப்படித்தான் உபசரித்தார். உச்சி வெயிலில், ஒரு மூலை விடாமல், ரோட்டில் வழிகிற வரைக்கும்.

அன்று சாயங்காலம் அகல்யா புல்லில் கன்னம் பதித்துப் படுத்திருந்தாள். பந்தை எடுக்கப் போன சினேகாவின் கால் பட்டுப் புல் மடங்கியது. பிறகு, தூங்கி எழும் பிள்ளைபோல மெல்ல மெல்ல நிமிர்ந்தது. தடமே இல்லை.

அகல்யா எழுந்து மைதானம் முழுக்க நடந்தாள். வேப்பமர நிழலில் புல் சட்டென்று நிமிர்ந்தது. நடுவில் இருந்த மேட்டில் மட்டும் காலடி அப்படியே கிடந்தது. பாவம், தாகத்தில் அதற்கு எழுந்திருக்கத் தெம்பில்லை.

மறுநாள் சேவுகப்பெருமாளிடம் ஓடினாள்.

"அண்ணே, வேப்பமரத்துப் பக்கம் ஊத்தாதீக. அதுக்குத் தாகமில்ல."

"ஏந்தா, புல்லு ஒங்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும்?"

"ஆமாண்ணே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஒரு எலையத் தாண்டி அடுத்த எலைக்குப் போனா மரியாதை இல்லத்தா."

"எலைய மடிச்சவுகளுக்கும் ஊத்துவீகளா?"

சிரிப்பு நின்றது. "இங்குட்டு மிதிச்சுப் பாருங்க," என்று அவள் கூட்டிப்போனாள். அவர் மிதித்தார், குனிந்தார், வெகுநேரம் பார்த்தார்.

"மேட்டுல விட்டதெல்லாம் ஓடிப்போயிருக்கு. பாதிய வெயிலு வேற குடிச்சிருக்கு," என்றார். "நாளையில இருந்து விடியக்காலம் விடுவோம். மெதுவா."

அதன்பின் விடிந்தும் விடியாத நேரத்தில் கால்பந்து அணி வந்துவிடும். வெறுங்காலோடு, பேசாமல், கனவில் நடப்பதுபோல் எல்லோரும் புல்லில் நடப்பார்கள். தடம் மறையாத இடத்தில் ஆளுக்கொரு செருப்பை வைப்பார்கள். சேவுகப்பெருமாள் அங்கே மட்டும் விட, தண்ணீர் நின்று நிதானமாக இறங்கும். ஈரச் செருப்போடு வகுப்பில் சினேகா 'சளக் சளக்' என்று நடந்ததில் கணக்கு வாத்தியாருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாரக் கடைசியில் தேனம்மை டீச்சர் காலையிலேயே மைதானத்துக்கு வந்தார். கையில் பூட்டு.

"நேத்துச் சாயங்காலம் தொட்டியில பாதித் தண்ணி கெடந்துச்சு. என்ன செஞ்சீக சேவுகப்பெருமாள்? எதுக்கு இங்க இத்தன செருப்பு?"

"அகல்யாவக் கேளுங்க டீச்சர்," என்றார் அவர்.

அகல்யா திக்கித் திணறிச் சொன்னாள். டீச்சர் செருப்பைக் கழற்றிவிட்டுப் புல்லில் நடந்தார், திரும்பிப் பார்த்தார். தடங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. ஓரிடத்தில் மட்டும் ஒன்று மறையாமல் கிடந்தது.

பூட்டைச் சேவுகப்பெருமாள் கையில் கொடுத்தார். "இத எங்கயாச்சும் உள்ள போட்டு வைங்க. வேண்டியதில்ல."

பிறகு தன் செருப்புகளில் ஒன்றை எடுத்து வந்து, மறையாத தடத்தின் மேல் வைத்துவிட்டு, ஒற்றைச் செருப்போடு ஆபீசுக்குப் போனார்.