வழிவிட்ட வண்டிகள்

எதிரே வந்த பிக்அப் வண்டி வேகத்தைக் குறைத்து, சாலையை விட்டு இறங்கிப் புழுதியில் நின்றது. டயர் பஞ்சராகியிருக்கும் என்று வெர்னா நினைத்தாள். கடக்கும்போது பார்த்தால், ஓட்டி வந்தவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்திருந்தான்.

"யாரு அது?" பின் சீட்டில் படுத்திருந்த டெல்பர்ட் கேட்டான்.

"யாரோ. நீ தூங்கு கிழவா."

"நீ ஓட்டுற லட்சணத்துக்குத் தூக்கம் வேற."

நக்கலுக்குக் குறைச்சலில்லை. முந்தாநாள் மலைப் பூங்காவில் ஏரிக்குப் போகும் பாதையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன் இவன். ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே பிடிவாதம். அதிலிருந்து வெர்னாதான் ஓட்டுகிறாள். மோட்டலில்கூட கண் மூடவில்லை. புருஷனுக்கு மூச்சு வருகிறதா என்று காதைத் தீட்டியபடியே கிடந்தாள். அலுப்பில் கை காலெல்லாம் யாருடையதோ போலிருந்தது. வீடு போய்ச் சேரும்வரை இவன் உயிரோடு இருந்தால் போதும் அவளுக்கு.

அடுத்து ஒரு மாட்டு லாரி ஒதுங்கி நின்றது. அப்புறம் ஒரு வேன்.

அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. முகப்பு விளக்கு. பள்ளத்தாக்கில் நுழையும்போது, பகலிலும் விளக்கெரிய ஓட்டச் சொல்லி ஒரு பலகை இருந்தது. போட்டவள் அணைக்க மறந்துவிட்டாள். இந்தப் பக்கத்து ஊர்களில் பட்டப்பகலில் விளக்கோடு மெதுவாக வந்தால் அது சவ ஊர்வலம். எதிரே வருகிறவர்கள் ஒதுங்கி, செத்தவருக்கு மரியாதையாகத் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். அவளே எத்தனையோ தடவை நின்றிருக்கிறாள். சிரித்துக்கொண்டே விளக்கை அணைத்தாள்.

அடுத்து வந்த காரும் ஒதுங்கியது.

ஜன்னல் வழியே வெயிலில் வெந்த புதர்களின் கசப்பு வாசனையும் உப்புத் தரையின் புழுதியும் வந்துகொண்டிருந்தன. அவற்றுக்கு அடியில், சாவு வீட்டின் மூடிய அறைக்குள் நேற்று வைத்தது போன்ற லில்லிப் பூக்களின் வாசனை மெல்ல மெல்லக் கிளம்பி, அவள் தொண்டைவரை வந்து நின்றது. கண்ணாடியில் பின்பக்கம் பார்த்தாள். புழுதிக்குள் விளக்குகள். ஒன்றன் பின் ஒன்றாக, கண்ணுக்கெட்டிய தூரம்வரை கார்கள். இன்ஜின் சத்தமே இல்லை.

"டெல்பர்ட்."



ஊர் வந்தது. ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சாப்பாட்டுக் கடை. கடை வாசலில் பரிமாறுகிறவள் காபிக் குடுவையோடு தலைகுனிந்து நின்றாள். ஊருக்கிருந்த ஒரே சிக்னலில் சிவப்பு. போலீஸ்காரர் ஒருவர் குறுக்கே வந்த வண்டிகளை நிறுத்திவிட்டு, போ என்று அவளுக்குக் கை காட்டினார். பிரேக்கை மிதித்தாள். கார் நிற்கவில்லை. அதே நிதானத்தில் உருண்டது.

"டெல்பர்ட், ஏதாவது பேசுய்யா. திட்டவாவது செய்."

நடைபாதையில் நின்றவர்கள் யாரும் பின் சீட்டைப் பார்க்கவில்லை.

சீட்டு கிறீச்சிட்டது. பயந்துகொண்டே கண்ணாடியைப் பார்த்தாள்.

டெல்பர்ட் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் நல்ல ரத்த ஓட்டம். சவரம் செய்திருந்தான். வீட்டு அலமாரியில் தொங்கும் கறுப்புக் கோட்டு. கண்கள் அழுது சிவந்திருந்தன.

அவன் தொப்பியைக் கழற்றினான். நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.