வாதியில் பூட்டிய கேபின்

மழையே இல்லாத பள்ளத்தாக்கில் ஈர மண் மணத்தது. அரியரத்தினம் மூக்கை உறிஞ்சி, அண்ணாந்து பார்த்து, எரிச்சலோடு காறித் துப்பினார். தலைக்கு மேல் மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லை. தூரத்து உச்சிகளில் மட்டும் கறுப்பு.

அமீரகத்தின் ஃபுஜைரா மலைக்குள் ரோடு போட வந்த கேம்புக்கு அவர்தான் ஃபோர்மன். வாதி என்கிற அந்தக் காய்ந்த ஆற்றுப் படுக்கையில் சரளை சமமாகக் கிடக்கிறதே என்று ஆட்கள் தங்கும் கேபின்களை அங்கேயே இறக்க வைத்தவரும் அவர்தான். வேண்டாம் என்று கையாட்டிய ஆட்டுக்கார அரபியைப் பார்த்துச் சிரித்தார். புல் முளைக்காத கற்குவியலை மலை என்கிறவனிடம் புத்தி கேட்பதா?

வெள்ளிக்கிழமை. எல்லோரும் டவுனுக்குப் போயாயிற்று. காய்ச்சலில் கிடந்த சமையல்காரன் செய்கு அலாவுதீன் மட்டும் மிச்சம். அவனைக் கேபினுக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டார்.

"பூட்டாதீங்கண்ணே. மூச்சு முட்டுது."

"ஏன், பெடியன்களின்ர ரேடியோ செட்டைத் தூக்கிக்கொண்டு ஓடப் போறியோ? ஏசி ஓடுது. பேசாமக் கிட."

சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மேட்டிலிருந்த ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஏறினார். அதன் உறுமலுக்கு அடியில் இன்னொரு உறுமல் கேட்டது. பெரிய வாய் ஒன்று கல்லை மெதுவாக அரைத்துத் தின்பது போல. சனியன் பழுதாகிவிட்டது என்று திட்டியபடி ஜெனரேட்டரை நிறுத்தினார்.

அரைக்கும் சத்தம் நிற்கவில்லை.

கீழே கதவு இடிபட்டது. "அண்ணே! கரண்ட் போச்சு! ஏதோ சத்தம் வருது, திறங்கண்ணே!"

"இரடா, வாறன்!" காய்ச்சல்காரனுக்கு வாய்க்கு மட்டும் குறைவில்லை.

அப்போது வளைவில் அது தெரிந்தது. தண்ணீர் அல்ல. கான்கிரீட் மிக்ஸரிலிருந்து கொட்டிய கலவை போலக் கெட்டிச் சேறு, ஆளுயரத்துக்கு. அதன் முகப்பில் லாரி அளவு பாறைகள் புரண்டன. அவசரமே இல்லாமல் வந்தது.

சாவியை எடுத்தார். ஓரடி வைத்தார். அடுத்த அடி வரவில்லை.

கேபின் உடையவில்லை. சேறு அதை அப்படியே தூக்கிக்கொண்டது. நிமிர்ந்தபடி அவரைக் கடந்து போனது. கண்ணாடியில் இரண்டு உள்ளங்கைகள். நடுவே முகம். அது கத்தவில்லை. அவரையே பார்த்தது. கொஞ்சம் தள்ளிச் சாய்ந்து, அமிழ்ந்தது.

பிறகு எல்லாம் நின்றது.

பொழுது சாயும்போது இறங்கினார். சேற்றில் கால் வைத்துப் பார்த்தார். தாங்கியது. கேபின் அமிழ்ந்த இடத்துக்கு நடந்தார்.

டக். டக். அடியிலிருந்து.

"செய்கு! உயிரோட இருக்கிறியாடா?"

டக். இந்த முறை முதுகுக்குப் பின்னால்.

டக். எதிர்க்கரை ஓரம்.

டக். டக். டக். பள்ளத்தாக்கின் மேலே, ஒரு கேபினும் நின்றிராத இடத்தில். பத்துக் கைகள். நூறு கைகள். உள்ளே போனவன் ஒருவன்தான்.

ஓடப் பார்த்தார். கால் கணு வரை சேற்றில் இறங்கியிருந்தது. இழுத்தார். வரவில்லை. கான்கிரீட் எப்படி இறுகும் என்று அவருக்குத் தெரியும்.

தட்டல்கள் எல்லாப் பக்கமிருந்தும் கிட்டே வந்தன. அவருடைய இரண்டு உள்ளங்கால்களுக்கும் நேர் கீழே வந்து நின்றன.

டக்.