நூற்றுக்கு நூறு வாங்கிய செல்கள்

நிலவுக் குடியிருப்பில் பல் துலக்குவதற்கு முன் எல்லோரும் காற்றுக்குக் கையெழுத்துப் போட்டாக வேண்டும். காற்றுக் குழாயருகே மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு, ‘நல்ல காற்று பெற்றுக்கொண்டேன்’ என்று பலகையில் எழுதினால்தான் அன்றைய காற்று வரும். அல்லியின் அம்மா மூன்று மாதமாக இருமிக்கொண்டே எழுதிவந்தாள்.

குழாய்க்குள் பூஞ்சை நஞ்சு இருக்கிறது என்று அல்லிக்குச் சந்தேகம். கருவி காட்டாத நஞ்சுக்காகக் குழாயைக் கழுவ முடியாது என்றது நிர்வாகம். அப்படியொரு கருவியே கிடையாது என்பதை மட்டும் சொல்லவில்லை. சரி, நாமே செய்துவிடுவோம் என்று கல்லூரி இறுதியாண்டுத் திட்டமாக அதை எடுத்துக்கொண்டாள். கூட்டாளி பெஞ்சமின்.

செல்லின் மேல்தோலில் ஏற்பிகள் உண்டு. வெளியே நீட்டிய தலை ஆளை அடையாளம் காணும். உள்ளே இருக்கும் வால் சேதி சொல்லும். தலையைக் கழற்றி வேறு தலை மாட்டலாம். இருவரும் ஆயிரம் விதத் தலைகளை மாட்டி, நஞ்சைக் கண்டு நீலமாகும் செல்லுக்குச் சர்க்கரை கொடுத்தார்கள். சும்மா இருந்த செல்லைக் கொட்டிவிட்டார்கள். பழக்குவதற்கு நஞ்சு வேண்டுமே? கல்லூரிக் கிடங்கில் கடந்த ஐந்தாண்டுத் தேர்வுகளுக்கு வைத்த நஞ்சு மாதிரிகள் குப்பிகளில் இருந்தன. தேர்விலும் அவற்றில் ஒன்றுதான் வரும் என்று பெஞ்சமின் அடித்துச் சொன்னான். அறுபது தலைமுறையில் செல்கள் பிசகாமல் நீலமாயின.

தேர்வுக்கு முதல் நாள் மதியம், அல்லி அம்மா வீட்டுக் குழாய்த் தூசியை வழித்து வந்து வைத்தாள். செல்கள் வெள்ளையாகவே இருந்தன. தூசி சுத்தமாக இருக்கலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டு, குப்பிகளில் நஞ்சு கெடாமலிருக்க ஊற்றும் பதத்திரவத்தை மட்டும் ஒரு சொட்டு விட்டாள். பளீரென்று நீலம். செல்கள் நஞ்சைப் படிக்கவே இல்லை. குப்பியைப் படித்து வைத்திருந்தன.

வெளியே சொல்லாதே என்று பெஞ்சமின் கெஞ்சினான். அவளால் முடியவில்லை. மறுநாள் தேர்வாளர் தாயுமானவன் கிடங்கிலிருந்து ஒரு குப்பியை எடுத்துவந்து சோதித்து, நூற்றுக்கு நூறு போட்டு முடித்ததும், நடந்ததையெல்லாம் சொல்லித் தூசியை அவர் முன்னால் வைத்தாள்.

அவர் அதைத் தொடக்கூட இல்லை. “இது பாடத்திட்டத்துலயே இல்லையேம்மா. போர்ஷன்ல இல்லாததக் கேட்டா அது பாவம் என்ன பண்ணும்?”

அடுத்த மாதம் வீட்டுக்கு வீடு காற்றுக் குழாயில் அந்தச் செல்கள் அடைத்த வில்லையை ஒட்டினார்கள். அல்லி நிர்வாகத்துக்கு நான்கு மனு எழுதினாள். நூறு வாங்கிய கருவியை அதைச் செய்தவளே குறை சொல்வது பொறாமையால் இருக்கலாம் என்று பதில் வந்தது. அம்மாவின் வீட்டு வில்லை வெள்ளை வெளேரென்று இருந்தது. குழாயை யாரும் கழுவ வரவில்லை.

அம்மாவிடமாவது புரியவைக்கலாம் என்று போனாள். கையைப் பிடித்துக்கொண்டு, அதை நம்பாதே, வேறு பகுதிக்குப் போய்விடலாம் என்று அழுதாள். அம்மா இருமி முடிக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

“நூத்துக்கு நூறு வாங்கினது தப்பாவாடி சொல்லும்? எனக்குத்தான் சரியா மூச்சு விடத் தெரியல போல. அதுக்கு நல்ல டியூஷன் எங்கயாச்சும் இருக்கான்னு விசாரியேன்.”