மூச்சு வெட்டிய பாட்டு

மூச்சுக்குச் சுருதி கிடையாது. ஆறு வருஷமாகப் பாட்டுப் பதிவுகளைத் திருத்தும் வேலையில் இருக்கும் வர்ஷாவுக்கு அது நன்றாகவே தெரியும். பாடுகிறவர் பிடிக்கும் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மென்பொருள் திரையில் ஒரு சிவப்புக் கட்டியாக வரைந்து காட்டும். சரியான சுருதியைக் காட்டும் கோட்டுக்குக் கீழே தொங்கும் கட்டியை மவுஸால் பிடித்துக் கோட்டின்மேல் ஏற்றினால், பிசிறிய ஸ்வரம் சரியாகிவிடும். இரண்டு அடிகளுக்கு நடுவே மூச்சு வாங்கும் இடம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஆனால் அம்மாவின் பாட்டில், மூன்றாவது அடிக்கு முந்தைய மூச்சில், மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது.

ஹெட்ஃபோனை அழுத்திக்கொண்டு அந்த இடத்தை மட்டும் ஓட்டிக் கேட்டாள். அண்ணத்தில் ஒட்டியிருந்த நாக்கு பிய்ந்து வரும் ஈரச் சத்தம், எச்சில் நூலாக இழுபட்டு அறுகிற சத்தம், அதற்கும் அடியில், தொண்டைக்குள் ஏதோ ஒன்று புரண்டு படுப்பதுபோல ஒரு கொழகொழப்பு. வர்ஷா முகத்தைச் சுளித்துக்கொண்டாள்.

வெளியே டன்லப் தெருவில் மழை. மாடியில் இருந்த அந்தச் சின்ன ஸ்டூடியோவில் ஈரம் ஏறிய கம்பளமும், சுவரில் ஒட்டிய பஞ்சும், கீழே மாவு மில்லிலிருந்து வரும் மிளகாய் நெடியும் சேர்ந்து ஒரு புழுக்க வாடை. அதற்குள் இன்னொன்று. மைக்கின் முன்னால் எச்சில் தெறிக்காமல் தடுக்கும் துணி வலையில், நேற்று பாடிவிட்டுப் போன அம்மாவின் வாய் வாசனை இன்னும் காயாமல் இருந்தது. தொண்டைக்காக அவள் எப்போதும் மெல்லும் அதிமதுரத்தின் அழுகினாற்போன்ற இனிப்பு.

ஞாயிற்றுக்கிழமை வர்ஷாவுக்குக் கல்யாணம். நலங்கு வைக்கும்போது பெண்ணைப் பெற்றவள் தானே கட்டிய பாட்டைப் பாடுவது அவர்கள் வீட்டு வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் தைராய்டு ஆபரேஷன் ஆனதிலிருந்து அம்மா கமலாவின் குரல் கரகரத்துப்போய், மேலே ஏறினால் உடைந்துவிடும். மண்டபத்தில் பாடத் தைரியமில்லை. அதனால் பதிவு செய்து ஒலிபரப்புவதாக ஏற்பாடு.

வருங்கால மாமியார் விசாலாட்சி பாட்டு டீச்சர். நிச்சயதார்த்தத்தன்று கமலா ஆசையாக இரண்டு வரி பாடியபோது, அவர் சிரித்த முகம் மாறாமல், காதோரத்து முடியை ஒதுக்குவதுபோல் காதைப் பொத்திக்கொண்டதை வர்ஷா பார்த்துவிட்டாள். அவளை உறுத்தியது அதுகூட இல்லை. அந்த நிமிஷம் தனக்கும் அந்தக் குரல் அருவருப்பாக இருந்ததுதான்.

கதவைத் திறந்து, ஸ்டூடியோ முதலாளி ரவூப் தலையை நீட்டினார்.

“என்னம்மா கல்யாணப் பொண்ணு, லீவு குடுத்தும் இங்கயே குந்திக்கிட்டு இருக்கே? மாப்பிள்ளை தேட மாட்டாரா?”

“அம்மா பாட்டுண்ணே. முடிச்சிட்டுப் போயிடுறேன்.”

“பந்தியில எனக்கு ஓரத்து சீட் போட்டு வை. ரெண்டாவது தடவை ரசம் கேக்க வசதியா இருக்கும்.” திரையை எட்டிப் பார்த்தார். “சுருதியை எவ்ளோ வேணா இழுத்துக்க. மூச்சை மட்டும் முழுசா வெட்டிடாதே லா. கேக்கறவனுக்கு நெஞ்சடைக்கும்.”

“இதை நீங்க வாரத்துக்கு ரெண்டு தடவை சொல்றீங்க.”

“அப்படியும் நீ வெட்டுறியே. நான் தேக்கா மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வரேன்.”

அவர் செருப்புச் சத்தம் மரப்படியில் இறங்கி மழையில் கரைந்தது.

வர்ஷாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. முதலில் பாட்டு முழுவதையும் ஒரேயடியாகத் தேர்ந்தெடுத்துக் கோட்டில் ஏற்றிவிடுவாள். பிறகு காதால் கேட்டு, வேண்டிய இடங்களில் தளர்த்துவாள். இப்போதும் அப்படியே செய்தாள். கட்டிகள் எல்லாம் துள்ளிக் கோட்டில் போய் உட்கார்ந்தன. மூச்சிலிருந்த அந்தச் சின்னக் கட்டியும் கூடவே ஏறியது. அதை விலக்கிவைக்க அவள் மறந்திருந்தாள்.

ஓட்டினாள்.

கன்னத்து மஞ்சள் காயும் முன்னே
கண்ணே நீ எங்கே போறே

கரகரப்பு இல்லை, உடைசல் இல்லை. மூச்சு வர வேண்டிய இடத்தில், அம்மாவின் குரல் அல்லாத ஒன்று, எண்ணெய் தடவியதுபோல வழுவழுப்பாக, “ஆ” என்றது.

தொலைபேசி அடித்தது. அம்மா.

“வர்ஷா, சாப்பிட்டியா?”

தினமும் இந்த நேரத்தில் வரும் கேள்வி. தோசைக்கல்லைச் சுரண்டுவதுபோல வரும். இன்று வழுக்கிக்கொண்டு வந்தது.

“குரல் என்னம்மா இப்படி இருக்கு?”

“நல்லாருக்குல்ல? இப்பதான் ஒரே இருமல். ஏதோ வந்து சிங்க்ல விழுந்துச்சு. உடனே தொண்டை கிளீன் ஆயிடுச்சு லா.”

“என்ன விழுந்துச்சு?”

“சளிதான். கொஞ்சம் பெருசு. தண்ணி ஊத்துறேன், போக மாட்டேங்குது.”

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பு நான்கு படிகளில், ஒரே அளவாக, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி நின்றது.

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், திரையில் எல்லா மூச்சிலும் கட்டிகள் இருந்தன. பன்னிரண்டு மூச்சு, பன்னிரண்டு கட்டி. தவளை முட்டைபோல ஓரங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, பார்க்கப் பார்க்க உப்பின. ஹெட்ஃபோன் கழுத்தில்தான் கிடந்தது. அதிலிருந்து உறிஞ்சும் சத்தம், சப்புக்கொட்டும் சத்தம், சளி தொண்டையில் ஏறி இறங்கும் சத்தம். அதிமதுர வாடை மூக்கின் பின்பக்கமாக இறங்கி அவள் நாக்கில் படிந்தது. வாயில் ஊறிய எச்சிலை விழுங்க முடியவில்லை. அது தன்னுடையது போலவே இல்லை.

தேர்ந்தெடுத்தாள். அழித்தாள். ஒரு மூச்சு. அடுத்த மூச்சு. ரவூப் சொன்னது ஞாபகம் வந்தது. விரல் நிற்கவில்லை. பன்னிரண்டும் போயின. அந்தப் பழைய குரலை இனி யாரும், விசாலாட்சி மட்டுமல்ல, தானும்கூட, கேட்டுவிடக் கூடாது என்று அசல் பதிவின்மேலேயே சேமித்தாள்.

பாட்டு சுத்தமாக ஓடியது. அடியோடு அடி ஒட்டிக்கொண்டு, எங்கும் நிற்காமல். கேட்கக் கேட்க அவள் நெஞ்சு இறுகியது. அப்போதுதான் அம்மாவின் இருமல் மண்டையில் உறைத்தது. கட்டி கோட்டில் ஏறிய அதே நேரம்தான் அது.

அம்மாவைக் கூப்பிட்டாள். முதல் மணியிலேயே அம்மா எடுத்தாள்.

“அம்மா?”

கன்னத்து மஞ்சள் காயும் முன்னே...

“அம்மா, பாட்டை நிறுத்து. பேசு.”

நிற்கவில்லை. வர்ஷா மடிக்கணினியைப் பையில் திணித்துக்கொண்டு ஓடினாள். வீடு இருக்கும் பூன்லே போகும்வரை ரயிலில் போனைக் காதிலிருந்து எடுக்கவேயில்லை. சுற்றிலும் வேலை முடிந்து திரும்பும் ஜனங்கள், ஈரக் குடைகள், யாரோ வாங்கிப்போகும் வறுத்த கோழியின் எண்ணெய் வாடை. காதில் அந்தப் பாட்டு. முடிந்தது, தொடங்கியது. முடிந்தது, தொடங்கியது. நடுவில் ஒரு மூச்சுகூட இல்லை. ஐம்பது நிமிஷம்.

ஒன்பதாவது மாடி. கதவு திறந்தே கிடந்தது. ஹாலில் தாம்பூலப் பைகள் பாதி அடுக்கியபடி இருந்தன.

அதிமதுரம். வீடு முழுக்க.

சமையலறையில், சிங்க் பக்கத்தில் கமலா நின்றுகொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். உதடுகள் ஊதா. மார்பு ஏறவில்லை, இறங்கவில்லை. வர்ஷாவைப் பார்த்துச் சிரித்தாள். சிரிக்கும்போதும் ஸ்வரம் பிசகவில்லை.

வர்ஷா சிங்க்கைப் பார்த்தாள்.

ஒரு கைப்பிடி அளவு. சாம்பலும் இளஞ்சிவப்புமாக, தோலுரித்த ஏதோ போல. அதிலிருந்து எச்சில் நூல்கள் நான்கு பக்கமும் ஓடி எஃகில் ஒட்டியிருந்தன.

உப்பியது. சுருங்கியது.

உப்பியது.

மூச்சு வாங்கியது. தோசைக்கல்லைச் சுரண்டும் கரகரப்பில், ஈரமாக, உடைந்து, அது கேட்டது.

“வர்ஷா... சாப்பிட்டியா?”

எடுக்க வேண்டும். இரண்டு கையாலும் எடுத்து, அம்மாவின் வாயில் திரும்ப வைக்க வேண்டும். அவளுக்குத் தெரிந்தது. கை நீண்டது. நகம்பட ஒரு விரற்கடை இருக்கும்போது அது அவள் பக்கமாகத் திரும்பி உப்பியது.

கையை இழுத்துக்கொண்டாள்.

எதையும் தொடாத அந்தக் கையை உடையில் துடைத்தாள். மீண்டும் துடைத்தாள்.

கமலா அந்தக் கையையே பார்த்தாள். பாட்டு நிற்கவில்லை. மிக நிதானமாக, மகளுக்கு உதவுகிறவள்போல, குழாயை முழுவதுமாகத் திறந்துவிட்டாள்.

அது வழுக்கியது. நூல்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. துளையின் விளிம்பைக் கடைசி நூலால் பற்றிக்கொண்டு, தண்ணீரை விழுங்கி விழுங்கி, மூச்சு முட்ட, அது வர்ஷாவின் பெயரைச் சொல்லி அழைத்துக்கொண்டே இருந்தது.

கன்னத்து மஞ்சள் காயும் முன்னே, என்றாள் அம்மா, அப்பழுக்கில்லாத சுருதியில்.